16,00,984: வெள்ளியைத் தவறவிட்ட பிரெஞ்சு வானியலாளருக்குப் புதுச்சேரியில் கிடைத்த எண் - யார் இந்த லெ ஜாந்தி?

சனிப்பெயர்ச்சி எப்போது? 2025-ல் இந்தக் கேள்விக்கு இரண்டு பதில் கிடைத்தது. திருக்கணிதப்படி மார்ச் 29. ஆனால் திருநள்ளாறு கோவில் தரப்பில், நாங்கள் பின்பற்றுவது வாக்கியப் பஞ்சாங்கம், அதன்படி அன்றைக்குப் பெயர்ச்சி இல்லை என்று விளக்கம் கொடுத்தார்கள். மூலக்குளத்துக் கடையில் வாங்கும் பஞ்சாங்கம் ஒரு தேதி, கைப்பேசிச் செயலி வேறொரு தேதி என்றால் யாருக்குத்தான் குழப்பம் வராது?

அது என்ன வாக்கியம்? எதற்கு அந்தப் பெயர்? இதைத் தேடிப் போனால், 250 ஆண்டுகளுக்கு முன்பு இதே புதுச்சேரியில் உட்கார்ந்து இதே கேள்வியைக் கேட்ட ஒரு வெளிநாட்டுக்காரரிடம் போய் நிற்போம். அவர் பெயர் கியோம் லெ ஜாந்தி. உலக வானியல் வரலாற்றில் இவரைவிட அதிர்ஷ்டம் கெட்டவர் கிடையாது என்று பலரும் எழுதிவிட்டார்கள். அந்தப் பாதிக் கதைதான் எல்லோருக்கும் தெரியும். மீதிக் கதையில் சோழிகளும், ஒரு தமிழ்க் கணிதரும், 16,00,984 என்ற எண்ணும் வருகிறார்கள்.

யார் இந்த லெ ஜாந்தி?

1725 செப்டம்பர் 12-ம் தேதி பிரான்சின் நார்மண்டி பகுதியில் உள்ள கூத்தான்ஸ் ஊரில் பிறந்தவர். பாதிரியார் ஆவதற்காகப் பாரிசுக்குப் படிக்கப் போனார். அங்கே தெலில் என்ற வானியல் பேராசிரியரின் வகுப்பை எட்டிப் பார்த்தார். அவ்வளவுதான், இறையியல் போச்சு, வானம் ஒட்டிக்கொண்டது.

பாரிஸ் வான் ஆய்வகத்தில் சேர்ந்து, 1749-ல் ஆண்ட்ரோமெடா விண்மீன் மண்டலத்துக்குப் பக்கத்தில் சின்னதாக ஒன்று இருப்பதைக் கண்டுபிடித்தார். இன்று எம்-32 என்று அழைக்கப்படும் விண்மீன் மண்டலம் அது. 1753-ல் பிரெஞ்சு அறிவியல் கழகத்தில் இடம் கிடைத்தது. 30 வயதுக்குள் இவ்வளவும்.

இந்தியாவுக்கு எதுக்கு வந்தார்?

சூரியனுக்கு முன்னால் வெள்ளி கிரகம் ஒரு கரும்புள்ளியாகக் கடந்து போகும் நிகழ்வு மிக அபூர்வம். எட்டு ஆண்டு இடைவெளியில் இரண்டு முறை நடக்கும். பிறகு நூறு ஆண்டுக்கும் மேல் காத்திருக்க வேண்டும். நம் காலத்தில் 2004-லும் 2012-லும் நடந்தது. அடுத்தது 2117-ல்தான்.

பூமியின் வெவ்வேறு மூலைகளிலிருந்து இந்தக் கடப்பை நேரம் குறித்துப் பார்த்தால், பூமிக்கும் சூரியனுக்கும் எவ்வளவு தூரம் என்பதைக் கணக்கிடலாம் என்று எட்மண்ட் ஹாலி 1716-லேயே வழி சொல்லியிருந்தார். 1761 ஜூன் 6-ம் தேதி கடப்புக்காகப் பல நாடுகள் ஆட்களை அனுப்பின. பிரான்ஸ் அனுப்பியவர்களில் ஒருவர் லெ ஜாந்தி. அவருக்குக் குறிக்கப்பட்ட இடம் புதுச்சேரி.

1760 மார்ச்சில் பிரெஸ்ட் துறைமுகத்திலிருந்து கப்பல் ஏறினார். ஜூலையில் மொரீஷியஸ் வந்தாயிற்று. ஆனால் அந்த நேரத்தில் பிரான்சுக்கும் இங்கிலாந்துக்கும் ஏழாண்டுப் போர் நடந்துகொண்டிருந்தது. புதுச்சேரியை ஆங்கிலேயர்கள் முற்றுகை போட்டிருந்தார்கள். கப்பலே கிடைக்கவில்லை. மாதக்கணக்கில் காத்திருந்து, 1761 மார்ச்சில்தான் ஒரு போர்க்கப்பலில் இடம் பிடித்தார்.

மே மாதக் கடைசியில் கப்பல் மாஹே கரையை நெருங்கியபோது சேதி வந்தது. மாஹே ஆங்கிலேயர் கையில். புதுச்சேரியும் ஜனவரியிலேயே விழுந்துவிட்டது. கப்பல் மொரீஷியசுக்கே திரும்பியது.

ஜூன் 6 அன்று வானம் பளிச்சென்று இருந்தது. வெள்ளி சூரியனைக் கடந்ததை அவர் பார்க்கவும் செய்தார், நடுக்கடலில், ஆடுகிற கப்பல் தளத்தில் நின்றபடி. கப்பல் எந்தத் தீர்க்கரேகையில் இருக்கிறது என்று துல்லியமாகத் தெரியாது. ஆடும் கப்பலில் ஊசல் கடிகாரமும் ஓடாது. இடமும் நேரமும் தெரியாத கணிப்பு எதற்கும் உதவாது.

எட்டு வருஷம் காத்திருக்கலாம்னு முடிவு

வேறு யாராக இருந்தாலும் ஊருக்குத் திரும்பியிருப்பார்கள். இவர், அடுத்த கடப்பு 1769-ல்தானே, இங்கேயே இருந்துவிடுவோம் என்று தங்கிவிட்டார். மடகாஸ்கர் கரையோரத்தை வரைபடமாக்கினார். காற்று, நீரோட்டம், செடி கொடி, மக்கள் பழக்கம் எல்லாவற்றையும் குறிப்பெடுத்தார்.

1769 கடப்பைப் பார்க்க மணிலாதான் சரியான இடம் என்று கணக்குப் போட்டு 1766-ல் அங்கே போனார். பிலிப்பைன்ஸ் அப்போது ஸ்பெயின் வசம். அங்கிருந்த ஆளுநருக்கு இவர் மேல் சந்தேகம். இவர் காட்டிய கடிதங்களே போலி என்று நினைத்தார். பாரிசிலிருந்து அறிவியல் கழகமும் புதுச்சேரியே நல்லது என்று எழுதியது. அதற்குள் போர் முடிந்து, ஒப்பந்தப்படி புதுச்சேரி பிரெஞ்சுக்காரர்களிடம் திரும்ப வந்திருந்தது.

1768 மார்ச் 27 அன்று லெ ஜாந்தி புதுச்சேரியில் கால் வைத்தார். கிளம்பி எட்டு ஆண்டு ஆகியிருந்தது.

அவர் பார்த்த ஊர் இன்றைய ஒயிட் டவுன் அல்ல. ஆங்கிலேயர்கள் கோட்டையையும் பெரிய கட்டடங்களையும் இடித்துத் தரைமட்டமாக்கியிருந்தார்கள். இன்று பாரதி பூங்கா இருக்கும் சுற்றுவட்டாரத்தில்தான் அந்தக் கோட்டை இருந்தது. ஆளுநர் லா தெ லோரிஸ்தோன் ஊரை மறுபடி கட்டியெழுப்பிக்கொண்டிருந்தார். கோட்டை இடிபாடுகளின் மேலேயே லெ ஜாந்திக்கு ஒரு வான் ஆய்வகம் எழும்பியது. சென்னையிலிருந்த ஆங்கிலேயர்கள், அதாவது நேற்றுவரை எதிரிகள், அவருக்கு ஒரு நல்ல தொலைநோக்கியும் கொடுத்தார்கள்.

கடப்புக்கு இன்னும் 14 மாதம் இருந்தது. சும்மா இருக்கிற ஆள் இல்லையே அவர். இங்குள்ளவர்கள் கிரகணத்தை எப்படிக் கணிக்கிறார்கள் என்று கேட்க ஆரம்பித்தார்.

சோழியை வெச்சு கிரகணமா?

அன்று ஐரோப்பாவில் ஒரு சந்திர கிரகணத்தைக் கணிக்க வேண்டுமானால் பெரிய பெரிய அட்டவணைப் புத்தகங்கள், காகிதம், மை, நிறைய பொறுமை எல்லாம் வேண்டும். இங்கே லெ ஜாந்தி கண்டது வேறு. கணிதர் தரையில் உட்கார்ந்து சோழிகளை வரிசையாக வைக்கிறார். வாய்க்குள் ஏதோ சொல்லிக்கொள்கிறார். சோழிகளை நகர்த்துகிறார். எழுதுகோல் இல்லை. கொஞ்ச நேரத்தில் கிரகணம் பிடிக்கும் நேரம், விடும் நேரம் வந்துவிடுகிறது. அந்த வேகம் அவரை அசரவைத்தது. உட்கார்ந்து பாடம் கேட்டார்.

அவர் கற்றுக்கொண்டதில் நிலவின் இருப்பிடத்தைக் கண்டுபிடிக்கும் பகுதி இப்படிப் போகும்.

கலியுகம் தொடங்கியதிலிருந்து இன்றுவரை எத்தனை நாள் ஆனது என்று எண்ணிக்கொள். அதிலிருந்து 16,00,984-ஐக் கழி. மிச்சத்தை 12,372-ஆல் வகு. அதில் மிச்சம் வருவதை 3,031-ஆல் வகு. அதிலும் மிச்சம் வருவதை 248-ஆல் வகு. கடைசியாக நிற்கிற எண் 248-க்குள் இருக்கும். அந்த எண்ணுக்கு உரிய வாக்கியத்தை எடு.

ஆம், அதுதான் வாக்கியம். மொத்தம் 248 சின்னச் சின்ன சொற்றொடர்கள். வரருசி என்பவர் செய்ததாக மரபு சொல்கிறது. ஒவ்வொரு சொற்றொடருக்குள்ளும் அந்த நாளில் நிலவு எத்தனை ராசி, பாகை, கலை நகர்ந்திருக்கும் என்ற எண் ஒளிந்திருக்கிறது. புத்தகம் தேவையில்லை, மனப்பாடம் போதும். வாக்கியப் பஞ்சாங்கம் என்ற பெயரே இதிலிருந்துதான் வந்தது.

சரி, 16,00,984-ல அப்படி என்ன இருக்கு?

முதலில் நிலவைப் பற்றி ஒரு விஷயம். அது ஒரே வேகத்தில் போவதில்லை. பூமிக்குப் பக்கத்தில் வரும்போது வேகம் கூடும், ஒரு நாளில் 15 பாகை வரைகூடப் போகும். தூரத்தில் இருக்கும்போது 12 பாகைக்குக் குறையும். மிகத் தூரமான புள்ளியிலிருந்து கிளம்பி மறுபடி அதே மாதிரிப் புள்ளிக்கு வர சராசரியாக 27.55455 நாள் ஆகும்.

அந்த அரைகுறை பின்னம்தான் தலைவலி. நாள் முழு எண்ணாக இருந்தால்தான் சோழியில் எண்ண முடியும். அப்படியானால் எத்தனை சுற்று சேர்த்தால் முழு நாளுக்குக் கிட்டத்தட்ட வரும்?

இரண்டு சுற்று சேர்த்தால் 55 நாள், ஆனால் இரண்டரை மணி நேரத்துக்கு மேல் பிசகும். 9 சுற்று சேர்த்தால் 248 நாள். பிசகு வெறும் 13 நிமிடம். 110 சுற்றுக்கு 3,031 நாள். இன்றைய அளவீட்டோடு ஒப்பிட்டால் எட்டு ஆண்டுக்கும் மேலான அந்தக் காலத்தில் பிசகு 42 விநாடிதான். கொஞ்சம் நிறுத்தி இன்னொரு முறை படிக்கலாம்: எட்டு ஆண்டு, 42 விநாடி. 449 சுற்றுக்கு 12,372 நாள், ஏறக்குறைய 34 ஆண்டு. பிசகு 10 நிமிடம்.

இந்த எண்கள் ஒன்றுக்குள் ஒன்று அடங்கியவை. 248-ஐ 12 மடங்காக்கி 55 கூட்டினால் 3,031. அதை 4 மடங்காக்கி 248 கூட்டினால் 12,372. சுற்றுகளும் அதே கணக்கில் வரும்: 9-ஐ 12-ஆல் பெருக்கி 2 கூட்டினால் 110, 110-ஐ 4-ஆல் பெருக்கி 9 கூட்டினால் 449. பள்ளியில் மீப்பெரு பொது வகுத்தி கண்டுபிடிக்க மாறி மாறி வகுப்போமே, அதே உத்தியின் மறுபக்கம் இது. இந்தியக் கணிதத்தில் இதன் உறவுக்காரப் பெயர் குட்டகம்.

இப்போது 16,00,984-க்கு வருவோம். இது ஒரு தேதி. கலியுகத் தொடக்கத்திலிருந்து இத்தனை நாள் எண்ணினால் அன்றைய ஐரோப்பிய ஜூலியன் நாட்காட்டிப்படி 1282 மே 22 வரும். அன்று சூரிய உதயத்தில் நிலவு தன் மிகத் தூரமான புள்ளியில் இருந்ததாகக் கணக்கு. அதாவது எல்லாச் சுற்றும் சைபரிலிருந்து தொடங்க வசதியான நாள். லட்சக்கணக்கான நாட்களை ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து வகுப்பதற்குப் பதிலாக, இந்த நாளை ஒரு மைல்கல்லாக நட்டுவிட்டார்கள்.

எண்ணாகப் பார்த்தாலும் சுவாரசியம்தான். 16,00,984-ஐப் பகாக் காரணிகளாகப் பிரித்தால் 2, 2, 2, 7, 11, 23, 113. மொத்தம் 64 எண்களால் மிச்சமில்லாமல் வகுபடும். அதில் 7 இருப்பதைக் கவனியுங்கள். கலியுகத்தின் தொடக்க நாள் வெள்ளிக்கிழமை. எனவே எந்தக் கலி நாள் எண்ணாக இருந்தாலும் 7-ஆல் வகுத்து மிச்சம் சைபர் வந்தால் அதுவும் வெள்ளி. 16,00,984 என்பது சரியாக 2,28,712 வாரம். 1282 மே 22-ம் வெள்ளிக்கிழமைதான். நாள் எண்ணிக்கை எங்காவது பிசகியிருந்தால் கிழமை காட்டிக்கொடுத்துவிடும். தணிக்கைக்கு வேறு ஆளே தேவையில்லை.

அது 'தேவரம்' இல்லை, 248

லெ ஜாந்தி இந்த எண்களின் பெயர்களையும் காதில் விழுந்தபடி எழுதிவைத்தார். 16,00,984-க்கு வேதம். 12,372-க்கு ரசகெரிக. 3,031-க்கு கலனிலம். 248-க்கு தேவரம். பிரெஞ்சுப் புத்தகத்தில் இவை ஏதோ காலச்சுற்றுகளின் பெயர்கள் போல நிற்கின்றன.

உண்மையில் அவை பெயரே இல்லை. அவைதான் எண்கள்.

கர்நாடக சங்கீதம் தெரிந்தவர்களுக்கு இது உடனே பிடிபடும். சங்கராபரணத்துக்கு முன்னால் எதற்குத் 'தீர' என்று சேர்த்தார்கள்? கடபயாதி முறையில் தீ என்றால் 9, ர என்றால் 2. திருப்பிப் படித்தால் 29, அதாவது 29-வது மேளகர்த்தா. அதே வித்தைதான் இங்கேயும். தே 8, வ 4, ர 2. திருப்பினால் 248. க 1, ல 3, னி 0, ல 3. திருப்பினால் 3031. ர 2, ச 7, கெ 3, ரி 2, க 1. திருப்பினால் 12372. (இங்கே கெ என்பதைக் 'கங்கை'யின் முதல் எழுத்துபோல் ஒலிக்க வேண்டும், தமிழ் எழுத்தில் இரண்டும் ஒன்றுபோல் தெரியும்.) வேதம் என்பதும் அப்படியே. வே 4, த 8. 16,00,984-ஐ வலமிருந்து படித்தால் முதலில் வருவது 4, 8. நீளமான ஒரு சொற்றொடரின் தலைப்பகுதி அது.

சொல்லே சோழிக் கணக்கு. அதனால்தான் புத்தகம் இல்லாமல் வேலை நடந்தது.

கணக்கு சரியா வருமா? ஒரு சோதனை

1765 ஆகஸ்ட் 30-ம் தேதி ஒரு சந்திர கிரகணம் நடந்திருந்தது. அதன் நேரங்கள் ஏற்கெனவே தெரியும் என்பதால் சோதித்துப் பார்க்க வசதி. லெ ஜாந்தி அதை எடுத்துக்கொண்டார்.

நாமும் போட்டுப் பார்க்கலாம். அன்றைக்குக் கலி நாள் 17,77,489. முதலில் கிழமை: 7-ஆல் வகுத்தால் மிச்சமில்லை, எனவே வெள்ளிக்கிழமை. 16,00,984-ஐக் கழித்தால் 1,76,505. இதில் 12,372 பதினான்கு முறை போகும், மிச்சம் 3,297. அதில் 3,031 ஒரு முறை, மிச்சம் 266. அதில் 248 ஒரு முறை, மிச்சம் 18. ஆக, பதினெட்டாவது வாக்கியம். அதில் கிடைக்கும் பாகையோடு, ஒவ்வொரு வகுத்தலுக்கும் உரிய நிலையான பாகைகளைக் கூட்டினால் அன்று சூரிய உதயத்தில் நிலவு எங்கே என்று வந்துவிடும். அங்கிருந்து சூரியனுக்கு நேர் எதிரே போய்ச் சேர இன்னும் ஏறக்குறைய 10 பாகை பாக்கி. அதாவது அன்றைய இரவு. கிரகணமும் அன்று இரவுதான்.

இது முதல் படி மட்டும். பூமியின் நிழல் எவ்வளவு அகலம், நிலவு எவ்வளவு விலகி ஓடுகிறது என்று அடுத்தடுத்து கணக்கு உண்டு. முடிவில் தமிழ் முறை சொன்ன கிரகணத்தின் மொத்த நேரம், நிஜத்தைவிட 41 விநாடி குறைவு. ஐரோப்பாவில் அன்று மிகச் சிறந்ததாகக் கருதப்பட்ட டோபியாஸ் மேயரின் அட்டவணை 68 விநாடி அதிகமாகச் சொன்னது.

ஒரு கிரகணத்தை வைத்து எது உயர்ந்தது என்று தீர்ப்புச் சொல்ல முடியாது. வேறு கிரகணங்களில் மேயர் ஜெயித்திருப்பார், பெரும்பாலும் அவர்தான் ஜெயிப்பார். ஆனால் தரையில் சோழி வைத்துப் போட்ட கணக்கு அந்த வரிசையில் நிற்கிறது என்பதே பாரிசுக்குப் பெரிய செய்தி.

லெ ஜாந்திக்கு ஒரு குறையும் இருந்தது. விதிகளைப் பின்பற்றுகிறார்கள், ஆனால் ஏன் அப்படி என்று கேட்டால் காரணம் சொல்வதில்லை என்று எழுதினார். அது பாதி நியாயம். காரணத்தை விளக்கும் நூல்கள் வேறு மரபில், வேறு கைகளில் இருந்தன. இவர் கேட்டது சமையல்காரரிடம்; விவசாயியிடம் அல்ல.

1769 ஜூன் 4: அந்த ஒரு மேகம்

இந்தப் பாடங்களுக்கு நடுவே பெரிய நாள் நெருங்கியது. கடப்பின் கடைசிக் கட்டம் புதுச்சேரியில் சூரியன் உதித்த கொஞ்ச நேரத்தில் தெரிய வேண்டும். மே மாதம் முழுக்கக் காலை வானம் துடைத்துவிட்ட மாதிரி இருந்தது. ஜூன் 3 மாலையும் அப்படியே. ஆளுநரும் அவரும் சேர்ந்து தொலைநோக்கியில் வியாழனின் நிலவுகளைப் பார்த்தார்கள்.

இரவு இரண்டு மணிக்கு எழுந்து பார்த்தால், வானம் மூடியிருந்தது. விடியும் நேரத்தில் காற்று எழும்பியது, மேகம் விலகும் போலிருந்தது, விலகவில்லை. சூரியன் உதித்தது மேகத்துக்குப் பின்னால். வெள்ளி சூரியனைக் கடந்து முடித்ததும் மேகத்துக்குப் பின்னால். எல்லாம் முடிந்த பிறகு வெயில் வந்தது. அன்று முழுக்க அடித்தது.

அவர் வேண்டாம் என்று விட்டுவந்த மணிலாவில் வானம் தெளிவாக இருந்தது.

பல நாட்கள் அவரால் பேனாவைத் தொட முடியவில்லை. நாட்குறிப்பில் அந்தக் காலையை எழுதவே கை வரவில்லை. பிறகு வயிற்றுக் கடுப்பு, காய்ச்சல். உடம்பு தேறிய நாட்களில் வீராம்பட்டினம் பக்கம் போய், மணலில் கிடந்த ஒரு பழைய அமர்ந்த சிலையைப் பார்த்துக் குறிப்பெழுதினார். அந்தப் பகுதிதான் பின்னாளில் ரோமானிய வணிகத்துக்குப் பேர்போன அரிக்கமேடு.

ஊருக்குத் திரும்பினா, ஆள் செத்துட்டாராம்

1770 மார்ச்சில் புதுச்சேரியை விட்டுக் கிளம்பினார். மொரீஷியசிலிருந்து பிரான்சுக்குப் புறப்பட்ட கப்பல் புயலில் சிக்கி, உடைந்து, மறுபடி மொரீஷியசுக்கே வந்தது. கடைசியில் ஒரு ஸ்பானியப் போர்க்கப்பலில் காதிஸ் போய், அங்கிருந்து தரை வழியாகப் பிரனீஸ் மலையைத் தாண்டி, 1771 அக்டோபர் 8 அன்று பிரெஞ்சு மண்ணை மிதித்தார். 11 ஆண்டு, 6 மாதம், 13 நாள்.

அவர் எழுதிய கடிதங்கள் பல வந்து சேரவே இல்லை. உறவினர்கள் அவர் இறந்துவிட்டதாகச் சொல்லிச் சொத்தைப் பங்கு போட ஆரம்பித்திருந்தார்கள். அறிவியல் கழகத்தில் அவர் இடத்தில் வேறொருவர். தான் உயிரோடு இருப்பதை நிரூபிக்க நீதிமன்றம் ஏறினார். பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டுப் போன ஆளிடம் இருந்த பணம் திருட்டுப் போயிருந்தது. வழக்கிலும் தோற்று, செலவும் இவர் தலையில் விழுந்தது.

பிறகு கொஞ்சம் நல்ல காலம். அரசர் தலையிட, கழகத்தில் மறுபடி இடம் கிடைத்தது. கல்யாணம் ஆனது, ஒரு மகள் பிறந்தாள். பாரிஸ் வான் ஆய்வகத்தில் குடியிருந்தபடி, இந்தியக் கடல் பயணத்தைப் பற்றி 1779-லும் 1781-லும் இரண்டு பெரிய தொகுதிகள் வெளியிட்டார். பிரெஞ்சுப் புரட்சியின் நடுவே, 1792 அக்டோபர் 22 அன்று காலமானார்.

எண் மட்டும் பயணத்தை நிறுத்தவில்லை

அவர் கொண்டுபோன கணக்குமுறை ஐரோப்பாவில் திருவாரூர் அட்டவணைகள் என்று பெயர் பெற்றது. பாரிசில் பெய்லி என்ற வானியலாளர் இதை வைத்து 1787-ல் ஒரு தடிமனான நூலே எழுதினார். கலியுகத் தொடக்கத்திலேயே, அதாவது கி.மு. 3102-லேயே, இந்தியர்கள் வானத்தை நேரில் அளந்திருக்க வேண்டும் என்பது அவர் கட்சி. எடின்பரோவில் ஜான் பிளேஃபேர் 1790-ல் ஆமோதித்தார். லாப்லாஸ் மறுத்தார். பின்னோக்கிக் கணக்குப் போட்டே அப்படி ஒரு தொடக்க நாளை அடைய முடியும் என்ற மறுப்புதான் நிலைத்தது. இந்த வாக்குவாதம் நடந்த மொழிகளில் ஒன்றுகூட, சோழி வைத்துக் கணக்குச் சொல்லிக்கொடுத்த அந்தக் கணிதருக்குத் தெரிந்த மொழியாக இருந்திருக்காது. சண்டையில் அவர் பெயரும் அடிபடவில்லை.

1825-ல் சென்னையில் ஜான் வாரன் 'கால சங்கலித' என்ற நூலை வெளியிட்டார். பிரெஞ்சுக்காரராகப் பிறந்து, ஆங்கிலேயரின் சென்னை வான் ஆய்வகத்தைச் சில ஆண்டுகள் கவனித்து, கடைசியில் புதுச்சேரியில் இறந்தவர் அவர். அவருக்காகப் புதுச்சேரிவாசியான ஒரு பஞ்சாங்கக் கணிதர், அந்த ஆண்டு மே 31 இரவில் நிகழ்ந்த சந்திர கிரகணத்தைத் தரையில் சோழி வைத்துக் கணித்துக் காட்டினார். எல்லாம் மனப்பாடம். தொடக்கம் 4 நிமிடம் பிசகியது, நடுப்பகுதி 23 நிமிடம், முடிவு 52 நிமிடம். 1282-ல் நட்ட மைல்கல்லிலிருந்து 543 ஆண்டு தள்ளி வந்தால் பிசகு இருக்கத்தான் செய்யும். திருக்கணிதமும் வாக்கியமும் இன்று ஆளுக்கொரு தேதி சொல்வதற்கும் அடிப்படை இதே மாதிரியான விஷயம்தான்: ஒன்று புதிய அளவீடுகளை எடுத்துக்கொண்டது, மற்றது பழைய மாறிலிகளை விடவில்லை.

1952-ல் வானியல் வரலாற்று அறிஞர் ஓட்டோ நாய்கபவர், லெ ஜாந்தியும் வாரனும் எழுதியதை எடுத்து வைத்துக்கொண்டு தமிழ் வானியல் என்ற தலைப்பிலேயே ஒரு கட்டுரை எழுதினார். 248 நாள் சுற்று பாபிலோனியக் களிமண் பலகைகளில் இருக்கிறது. எகிப்தில் கிடைத்த கிரேக்க மொழிப் பாப்பிரஸ் ஏடுகளில் 248-ம் இருக்கிறது, 3,031-ம் இருக்கிறது. பாப்பிரஸில் வழி மட்டும் வேறு: 248-ஐ 11 மடங்காக்கி 303 கூட்டுகிறார்கள். புதுச்சேரித் தரையில் 12 மடங்காக்கி 55. விடை இரண்டு இடத்திலும் ஒன்றேதான்.